சுவரில் நகரும் பூசணி விதை

சிங்கப்பூரின் செங்காங்கில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருக்கும் ஓர் அம்மா கேட்டது சுருக்கமாக இது: குளியலறை வாசலுக்கு மேலே சிமெண்டுத் துணுக்கு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது, துடைக்கப் போனால் நகர்கிறது. மறுநாள் படுக்கையறைக் கூரையோரம் இன்னும் மூன்று. மருந்தும் அடித்துப் பார்த்தாயிற்று, போகவில்லை. பையனுக்குக் கையில் தடிப்பு வேறு. இது என்ன, எங்கிருந்து வருகிறது, தடிப்புக்கு இதுதான் காரணமா?

உங்கள் சுவரில் இருப்பது சிமெண்டும் இல்லை, அழுக்கும் இல்லை. ஓர் அந்துப்பூச்சியின் புழு. தான் கட்டிய வீட்டைத் தானே இழுத்துக்கொண்டு போகிறது. நம் நெல் வயல்களில் ஒரு புழு உண்டு. இலை நுனியைக் கத்தரித்துக் குழலாகச் சுருட்டி, அதற்குள் இருந்தபடியே தண்ணீரில் மிதக்கும். கூண்டுப்புழு என்று அதற்குப் பெயர். அதுவும் இதுவும் வேறு வேறு குடும்பம்தான், ஆனால் கூண்டோடு வாழும் குணம் ஒன்று. அதனால் இதை வீட்டுக் கூண்டுப்புழு என்றே சொல்லிவிட்டுப் போகிறேன்.

அறிவியல் பெயர் ஃபெரியோகா யூட்டெரெல்லா. வால்சிங்காம் பிரபு என்ற ஆங்கிலேயர் 1897-இல் மேற்கிந்தியத் தீவுகளில் கிடைத்த அந்துகளை வைத்து விவரித்தது. இதற்கு ஃபெரியோகா அல்லுடெல்லா என்று ஓர் உடன்பிறப்பு உண்டு. அது இந்தியா, இலங்கை, ஜாவா என்று நம் பக்கமெல்லாம் பதிவாகியிருக்கிறது. உங்கள் சுவரில் இருப்பது அண்ணனா தம்பியா என்று வெறும் கண்ணால் சொல்ல முடியாது. வளர்ந்த அந்தைப் பிடித்து, அதன் பிறப்புறுப்பை உருப்பெருக்கியில் பார்க்கத் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும். நமக்கு அது தேவையும் இல்லை, இரண்டும் வாழும் விதம் ஏறக்குறைய ஒன்றே. கம்பளித் துணியை அரிக்கும் துணி அந்துகளின் குடும்பமான டினெய்டேதான் இவற்றுக்கும் குடும்பம்.

யீஷூனில் என் வீட்டுப் பொருளறையில், அதாவது எல்லோரும் பாம் ஷெல்ட்டர் (குண்டுவீச்சுப் புகலறை) என்று சொல்லும் அந்தக் காற்றில்லாத அறையில், இவற்றை முதலில் கவனித்தேன். பிறகு ஒன்றைக் கழுவிக் காயவைத்த ஊறுகாய் பாட்டிலில் போட்டு வளர்க்கவே ஆரம்பித்துவிட்டேன். வீட்டில் திட்டு விழுந்தது, அது தனிக்கதை. பாட்டிலுக்குள் பார்த்தால்தான் இதன் சாமர்த்தியம் தெரியும். கூண்டு தட்டையாக, நடுவில் அகன்று, இரு முனையிலும் குறுகி, அச்சு அசல் பூசணி விதை. பெரியது ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம், அரை சென்டிமீட்டருக்குள் அகலம். ஒரு முனையிலிருந்து பழுப்புத் தலை எட்டிப் பார்க்கும். மூன்று ஜோடிக் கால்கள் தரையைப் பற்றும். அப்புறம் ஒரு இழுப்பு, கூண்டு பின்னாலேயே வரும். குச்சியால் லேசாகத் தொட்டால் தலை உள்ளே போய்விடும். முனையின் இரண்டு உதடுகளும் மூடிக்கொள்ளும். சரி, பயந்து ஒளிந்துகொண்டது என்று காத்திருந்தால், சற்று நேரத்தில் எதிர்முனையிலிருந்து தலை வரும்! நடுவில் அகலம் விட்டிருப்பது இதற்குத்தான். உள்ளேயே உடம்பை மடக்கித் திரும்பிக்கொள்கிறது. இதற்கு முன்வாசல், பின்வாசல் என்று கிடையாது. எந்தப் பக்கம் வசதியோ அந்தப் பக்கம் முன்பக்கம்.

வெளியே தெரியும் தலையும் அதை ஒட்டிய மூன்று கண்டங்களின் மேல் தகடுகளும்தான் கறுத்துக் கெட்டியாக இருக்கும். மீதி உடம்பு வெள்ளை, மெத்து மெத்தென்று, பாதுகாப்பே இல்லாதது. உடம்பின் பின்பகுதியில் இருக்கும் பொய்க்கால்கள் ஒவ்வொன்றின் நுனியிலும் இருபதுக்கும் மேற்பட்ட சின்னக் கொக்கிகள் வட்டம் கட்டி நிற்கும். அவற்றால் கூண்டின் உட்சுவரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வெளியிலிருந்து இழுத்தால் அவ்வளவு லேசில் வராது.

இந்தக் கூண்டை எப்படிக் கட்டுகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. குஞ்சுப் புழு முதலில் தன் வாயிலிருந்து வரும் பட்டு இழையால், இரு முனைகளும் தரையில் ஊன்றிய ஒரு சின்ன வளைவைக் கட்டுகிறது. அதன் வெளிப்புறத்தில் கிடைத்ததையெல்லாம் ஒட்டுகிறது: மணல், மண், இரும்புத் துரு, செத்த பூச்சியின் கால், பூச்சி எச்சம், முடி. உள்பக்கம் முழுக்க பட்டு மெழுகல். வளைவை நீட்டி நீட்டிச் சுரங்கமாக்கி, கடைசியில் அடிப்பக்கத்தையும் மூடிவிடும். அப்போது அது தரையை விட்டு விடுபட்ட, இருபுறமும் திறந்த குழல் ஆகிவிடும். இனி போகும் இடமெல்லாம் கூடவே வரும். புழு ஆறு ஏழு கட்டமாக வளர்கிறது. ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் கூண்டையும் பெரிதாக்கிக்கொள்ளும். அதனால் கூண்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் உங்கள் வீட்டின் மூலைகளில் என்ன கிடக்கிறது என்பது தெரிந்துவிடும். எங்கள் சாமி அலமாரிக்கு அடியில் கிடைத்த ஒன்றின் கூண்டில் நடுப்பட்டையாகக் குங்குமத் துகள் ஒட்டியிருந்தது. பொட்டு வைத்துக்கொண்டு நடந்த புழுவை அன்றுதான் பார்த்தேன்.

சரி, என்ன தின்கிறது? இங்கேதான் பலரும் தவறான இடத்தில் தேடுகிறார்கள். சமையலறையில் அரிசி, பருப்பு, பிஸ்கட் எதையும் இது தொடாது. சிமெண்டும் தின்னாது. பூச்சுச் சுவரில் அதிகம் தென்படுவதால் ஆங்கிலத்தில் இதைச் சுவர்ப்பூச்சுப் புழு என்ற பொருளில் அழைத்துவிட்டார்கள், சுவருக்கும் இதன் வயிற்றுக்கும் சம்பந்தமில்லை. இதன் பிரதான உணவு பழைய சிலந்தி வலை. ஆமாம், நாம் ஒட்டடை என்கிறோமே, அதுதான் இதற்குச் சோறு. ஃபுளோரிடாவில் 1933-லேயே இதன் தீனியை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். சிலந்தி வலை பட்டு, பட்டு என்றால் புரதம். வலையில் சிக்கிச் செத்த கொசுவும் புரதம். தலைமுடி, கம்பளி எல்லாமே விலங்குப் புரதம். இதுதான் கணக்கு. பனாமாவில் அன்னெட் ஐயெல்லோ என்ற ஆய்வாளர் உடன்பிறப்பான அல்லுடெல்லாவின் புழுக்களை வளர்த்து 1979-இல் வெளியிட்ட கட்டுரைதான் இன்றைக்கும் இந்த விஷயத்தில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது. செத்த கொசுக்களையே தீனியாகப் போட்டு வளர்க்க முடிந்திருக்கிறது. தன் இனத்தின் கூண்டையே கடித்துத் தின்னவும் செய்யும். கம்பளி நூலைக் கொடுத்தால் எந்த நிறமானாலும் மெல்லும். பருத்தியைக் கொடுத்தால் தொடாது.

இதிலிருந்து உங்கள் அலமாரியைப் பற்றிய கவலைக்கும் பதில் வந்துவிடுகிறது. பருத்திச் சட்டை, பாலியெஸ்டர் பள்ளிச் சீருடை எதற்கும் ஆபத்தில்லை. குளிர் நாட்டுக்குப் போய்வந்து பெட்டியில் அடைத்த சுவெட்டர், கம்பளி விரிப்பு இவற்றைப் பாருங்கள். வீட்டில் ஆர்மோனியமோ பியானோவோ இருந்தால் கட்டைகளுக்கு அடியில் இருக்கும் கம்பளி ஃபெல்ட்டையும் ஒரு முறை திறந்து பாருங்கள், யாரும் பார்க்காத இடம் அது. பட்டுச்சேலைகளை இது தேடி வருவதைவிட இதன் உறவினரான துணி அந்து வருவதுதான் கவலைக்குரியது. துணி அந்துகளில் ஒரு வகையின் புழுவும் கூண்டு கட்டும், ஆனால் தான் தின்னும் துணியின் இழையாலேயே. சிவப்புக் கம்பளியைத் தின்றால் கூண்டும் சிவப்பாக இருக்கும். உருளையாக, துணி நிறத்தில், அலமாரிக்குள்ளேயே இருந்தால் அது. தட்டையாக, சாம்பல் நிறத்தில், சுவரில் இருந்தால் இது. பூங்காவில் மரக்கிளையில் குச்சியும் இலையும் ஒட்டிய பையாகத் தொங்கும் புழு மூன்றாவது கூட்டம். அதை வீட்டுப் பிரச்சினையோடு குழப்ப வேண்டாம்.

இப்போது வாழ்க்கைச் சுற்று. தாய் அந்து, தரையும் சுவரும் சேரும் இடுக்குகளில், அங்கே கிடக்கும் குப்பையோடு சேர்த்து முட்டைகளை ஒட்டிவைக்கும். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர்கூட வராது, வெளிர்நீலம். ஒரு வாரத்தில் 200 வரை இட்டுவிட்டுச் செத்துப்போகும். பத்து நாளுக்கு மேல் ஆகும் பொரிய. புழுப் பருவம் சுமார் 50 நாள். அதன்பின் கூட்டுப்புழுப் பருவம், அதாவது தின்னாமல் கூண்டுக்குள் அடங்கி அந்தாக மாறும் கட்டம், சராசரியாக இரண்டு வாரம். சேர்த்தால் 75 நாள் அளவில் வருகிறது. 2024-இல் தீபாவளி அக்டோபர் 31, அடுத்த பொங்கல் 2025 ஜனவரி 14. நடுவில் எண்ணிப் பாருங்கள், சரியாக 75 நாள். தீபாவளிக்கு வீடு முழுக்கத் துடைத்த கையோடு, கட்டிலுக்கு அடியில் துடைக்காமல் விட்ட அரையடி இடுக்கில் ஒரு முட்டை இருந்தால், பொங்கல் பானை வைக்கும்போது அந்து பறக்கும். “இப்போதுதானே சுத்தம் செய்தோம்” என்று எல்லோரும் சொல்வதன் ரகசியம் இதுதான்.

முதிர்ந்த புழு கூட்டுப்புழுவாக மாறும் முன், தின்றுகொண்டிருந்த இடத்தை விட்டுக் கிளம்பிச் செங்குத்தான பரப்பில் ஏறும். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் உங்கள் கேள்வியில் பாதிக்குப் பதில் கிடைத்துவிடும். நீங்கள் சுவரில் பார்த்ததெல்லாம் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஓய்வுக்கு மேலே வந்தவை. அவற்றின் சாப்பாட்டு மேசை கீழே, உங்கள் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. கூரையோரம் மூன்று என்றீர்களே, அந்த அறையில் கட்டிலுக்குப் பின்னாலோ அலமாரிக்கு மேலேயோ நல்ல ஒட்டடை இருக்கிறது என்று பந்தயம் கட்டுவேன்.

மேலே ஏறியதும் கூண்டின் இரு முனைகளையும் பட்டு இழையால் சுவரோடு ஒட்டிவிடும். கூடவே ஒரு வேலை செய்யும், அதைப் பார்த்து நான் அசந்துபோனேன். ஒரு முனையின் இரு ஓரங்களிலும் சின்னதாகக் கீறிவிடும். அந்த முனை இன்னும் தட்டையாகி, உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து மூடியே இருக்கும் கதவாகிவிடும். அந்தாக வெளியே வரப்போகிறவருக்குக் கடிக்கும் வாய் இருக்காது, அதனால் புழுவாக இருக்கும்போதே கதவு போட்டுவைக்கிறது. என் பாட்டில்வாசி மூடியின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்ட பதினாறாம் நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்தது. இவை நண்பகல் வாக்கில்தான் வெளிவரும். அந்து வந்தபின் அதன் காலியான பழுப்புத் தோல் பாதி கதவில் நீட்டிக்கொண்டு நிற்கும். சுவரில் இருக்கும் கூண்டில் இப்படித் தோல் நீட்டியிருந்தால் ஆள் போய்விட்டார், வெறும் ஓடு. பல வீடுகளில் எண்ணிப் பயப்படுவதில் பாதிக்கு மேல் இப்படிக் காலி வீடுகள்தான்.

அந்து ஒன்றும் அழகில்லை. சாம்பல் நிறம், முன்னிறக்கையில் நான்கு வரை மங்கலான புள்ளிகள், பின்னிறக்கையின் ஓரத்தில் நீண்ட மயிர்க்குஞ்சம். பெண் இறக்கை விரித்தால் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல், ஆண் அதற்கும் சின்னது. நன்றாகப் பறக்கும், ஆனால் பெரும்பாலும் சுவரிலோ தரையோரத்திலோ பழைய சிலந்தி வலையிலோ சும்மா உட்கார்ந்திருக்கும். பல்லி பிடித்தால் போச்சு.

பல்லி மட்டும் இல்லை. அபாண்டெலஸ் கார்பேட்டஸ் என்றொரு மிகச்சிறிய குளவி இந்தப் புழுவில் ஒட்டுண்ணியாக வளர்ந்து, கூட்டுப்புழு ஆகும் முன்பே அதைக் கொன்றுவிடும். ஒருமுறை அந்துக்காகக் காத்திருந்த என் பாட்டிலில், எறும்பு அளவில் கறுப்பாக ஏதோ பறந்தது. அது எந்த இனமென்று நான் பார்க்கவில்லை, குளவி வகை என்பது மட்டும் தெரிந்தது. கொட்டக் கொட்டப் புழு குளவியாகும் என்று நம் முன்னோர் சொன்னது எங்கிருந்து வந்திருக்கும் என்று அன்றைக்குப் புரிந்தது. கண்ணால் பார்த்தவனுக்கு வேறு எப்படித் தோன்றும்?

சிங்கப்பூரில் ஏன் இவ்வளவு? இதற்கு ஈரம் வேண்டும். வறண்ட காற்றில் தாக்குப்பிடிக்காது. இங்கே ஈரப்பதம் ஆண்டு முழுக்கச் சராசரி 80 சதவீதத்துக்கு மேல், விடியற்காலையில் 90-ஐத் தாண்டும். குளிர்காலம் என்று ஒன்று வந்து இடைவெளி விடுவதும் இல்லை. கூடவே எப்போதும் மூடியிருக்கும் பொருளறை, ஒருமுறை வைத்தால் நகர்த்தாத அலமாரி, துணி காயும் இடத்துக்குப் பக்கத்தில் அட்டைப் பெட்டிகள். இவ்வளவு இருந்தால் வேறென்ன வேண்டும். புதுவீடு, பழையவீடு என்ற பேதம் இல்லை. உங்கள் வீட்டைப் பார்த்து யாரும் அசுத்தம் என்று சொல்லிவிடுவார்களோ என்று நினைக்காதீர்கள். பளிச்சென்று கூடம் வைத்திருப்பவர் வீட்டிலும் கட்டில் அடி ஒன்று இருக்கத்தானே செய்கிறது.

தடிப்பு விஷயம். வாட்ஸ்அப்பில் இந்தக் கூண்டின் படத்தோடு “தொடாதீர்கள், விஷம்” என்று ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கும். எனக்கே மூன்று பேர் அனுப்பியிருக்கிறார்கள். இந்தப் புழுவுக்குக் கம்பளிப்பூச்சிக்கு இருப்பது போன்ற சுணைமயிர் கிடையாது. கொடுக்கு கிடையாது. மனிதரைக் கடித்து ரத்தம் குடிக்கிற வாயும் கிடையாது. ஆனால் இது செழிக்கும் இடம் எதுவோ அதே தூசியும் ஈரமும்தான் தூசிச் சிற்றுண்ணிகளுக்கும் பிடித்த இடம். கொசு, மூட்டைப்பூச்சி, சிற்றுண்ணி, புதுச் சோப்பு என்று தடிப்புக்கு ஆயிரம் காரணம் உண்டு. கண்ணில் பட்டது என்பதற்காக இதன் மேல் பழிபோட்டு நிஜக் காரணத்தைத் தப்பவிடாதீர்கள். மெத்தையின் தையல் ஓரங்களை டார்ச் அடித்துப் பாருங்கள். ஓரிரு நாளில் அடங்காவிட்டால் பையனைப் பாலிகிளினிக்கில் காட்டிவிடுங்கள்.

மருந்து ஏன் கேட்கவில்லை என்பது இதற்குள் உங்களுக்கே புரிந்திருக்கும். நீங்கள் அடித்தது சுவரில். புழு இருப்பது பட்டு மெழுகிய கூண்டுக்குள், உதட்டை மூடிக்கொண்டு. முட்டை இருப்பது இடுக்கில். என் மைத்துனர் வீட்டில் ஒரு பூச்சி ஒழிப்பு ஆள் வந்து சுவரெல்லாம் அடித்து 300 வெள்ளி வாங்கிப் போனார். வீடு ஒரு வாரம் நாறியது, அடுத்த மாதம் கூண்டுகள் வழக்கம்போல வந்தன. கட்டிலை அவர் நகர்த்தவே இல்லை. காசைப் பற்றி மைத்துனர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.

செய்ய வேண்டியது பாட்டி வைத்தியம் மாதிரி எளிது, ஆனால் பொறுமை வேண்டும். ஒட்டடைக் குச்சியை எடுங்கள். கூரை மூலை, திரைச்சீலைக் கம்பி, மின்விசிறிக் குடுவை, சாமி படங்களின் பின்பக்கம், நாற்காலிகளின் அடிப்பக்கம், இவற்றில் இருக்கும் வலையை எடுங்கள். நாற்காலி அடி முக்கியம், யாருமே குனிந்து பார்ப்பதில்லை. பிறகு தூசி உறிஞ்சியில் ஒல்லி மூக்கைப் பொருத்தி, தரையும் சுவரும் சேரும் கோடு முழுவதும் இழுங்கள். நீளக் கூந்தல் உள்ளவர்கள் தலை வாரும் இடத்தில் முடி சேர்வதை அன்றன்றே எடுங்கள். சுவரில் இருக்கும் கூண்டை ஒரு பழைய அட்டையால் சுரண்டி, காலி, நிறைந்தது என்று பார்க்காமல், உறையில் கட்டி வெளியே போடுங்கள். உறிஞ்சியின் பையையும் அன்றைக்கே குப்பைச் சறுக்கில் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் பைக்குள்ளேயே முடியும் தூசியுமாக விருந்து நடக்கும். பொருளறையில் ஈரம் உறிஞ்சும் டப்பா வையுங்கள், கதவைத் தினம் கொஞ்ச நேரம் திறந்துவிடுங்கள். துணி அலமாரியில் நாப்தலின் உருண்டை போடுவது உங்கள் இஷ்டம், சுவரில் இருப்பவற்றுக்கு அது பொருட்டே இல்லை. அதுவும் சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் நான் போட மாட்டேன், மிட்டாய் என்று எடுத்து வாயில் போட்டுவிடும்.

வாரம் ஒரு முறை, பதினொரு வாரம். இது நான் எடுத்துக்கொண்ட கணக்கு, 75 நாளை வாரமாக்கினால் அதுதான். முதல் நாள் இடுக்கில் தப்பிய முட்டை, புழுவாகிச் சுவரேறும் வரை நீங்கள் விடாமல் இருக்க வேண்டும். மூன்றாம் நான்காம் வாரத்தில் திடீரென்று சில கூண்டுகள் மேலே தெரியும். தோற்றுவிட்டோம் என்று நினைக்காதீர்கள், அவை நீங்கள் தொடங்கும்போதே பாதி வளர்ந்திருந்தவை. சுரண்டி எடுத்துவிட்டுத் தொடருங்கள். என் வீட்டில் முழுக்க ஒழியவில்லை, பொருளறையில் எப்போதாவது ஒன்று வரும். நான் அதை விட்டுவிடுகிறேன்.

பையன் பூச்சிகளைப் பார்த்துப் பயப்படாத ரகம் என்றால் ஒன்றை மட்டும் எறியாமல் வையுங்கள். இரு முனையும் சுவரோடு ஒட்டி, தோல் வெளியே நீட்டாத கூண்டாகப் பார்த்து, மெல்லிய பிளேடால் நெம்பி எடுத்து, மூடியில் துளை போட்ட கண்ணாடி பாட்டிலில் போட்டு, பக்கத்தில் ஈரப்பஞ்சு ஒரு துண்டு. வெயில் படாத இடம். ஜூன் விடுமுறையில் செய்யுங்கள், மதியம் பன்னிரண்டு மணிவாக்கில் அவன் வீட்டில் இருக்க வேண்டுமே.